மூளை வளர்ச்சி: கருப்பருவம் முதல் குமரப்பருவம் வரை

மனித மூளை கருவுற்ற மூன்றாம் வாரத்தில் உருவாகத் தொடங்கி, இருபது வயதைக் கடந்தும் வளர்ந்து முதிர்கிறது. அதன் அடிப்படை அமைப்பை மரபணுக்கள் வகுக்கின்றன. உணவு, பேச்சு, பார்வை, உறக்கம், அரவணைப்பு ஆகியவை அதைச் செப்பனிடுகின்றன.

கருப்பருவம்

கருவின் முதுகுப்புறத் திசு மடிந்து நரம்புக்குழல் ஆகிறது. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் அது மூடிக்கொள்ளாவிட்டால் தண்டுவடப் பிளவு போன்ற பிறவிக் குறைகள் உண்டாகும். பல பெண்களுக்குக் கருவுற்றது தெரியவரும் முன்பே இக்கட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழலின் உட்சுவரில் தோன்றும் நரம்பணுக்கள் வெளிநோக்கி நகர்ந்து, மூளைப் புறணியை அடுக்கடுக்காக அமைக்கின்றன. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் இப்பணி மும்முரமாக நடக்கும். அப்பருவத்துக் கருமூளைகள் ஐந்தினை 5,132 நுண்சீவல்களாகப் படமெடுத்து, ‘தரணி’ என்னும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பைச் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. தாய்க்குக் கடுமையான அயோடின் குறைபாடு இருந்தால் தைராய்டு சுரப்பு குறைந்து, கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

குழந்தைப்பருவம்

பிறந்த குழந்தையின் மூளை எடை, வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டு வயதில் அது முக்கால் பங்கை எட்டுகிறது. நரம்பணுக்களுக்கு இடையே சினாப்ஸ் எனப்படும் இணைப்புகள் தேவைக்கு மிகுதியாகவே உருவாகின்றன. பயன்படுபவை வலுப்பெறும், மற்றவை கழிக்கப்படும்.

மொழி கற்றலிலும் இத்தகவமைப்பைக் காணலாம். ஆங்கிலச் சூழலில் வளரும் பச்சிளங்குழந்தைகள் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்தறிகின்றன. ஓராண்டு நிறையும்போது அத்திறன் மங்குகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் 1984இல் இதைக் காட்டினர். தமிழிலும் அவ்வொலிகள் பொருளை வேறுபடுத்துவதால், தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்கு அவ்வேறுபாடு நிலைக்கிறது. பார்வைக்கும் இளமையே ஏற்ற காலம்: பிறவிக் கண்புரையை முதல் சில மாதங்களிலேயே அகற்றுவது நல்லது. எனினும், பிந்திச் சிகிச்சை பெற்ற சிறுவர்களும் ஓரளவு பார்க்கக் கற்கிறார்கள் என்பதை டெல்லியில் பவன் சின்ஹா நடத்திய ‘பிரகாஷ்’ திட்டம் நிறுவியது.

இவ்வயதில் நேரும் ஊட்டக்குறைவு நீடித்த பாதிப்பை விட்டுச்செல்லும். உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், அன்று திண்டுக்கல்லை உள்ளடக்கியிருந்த மதுரை மாவட்டமும் இடம்பெற்றது. 6 முதல் 36 மாதக் குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டு, எடை ஏறாதோருக்குத் துணை உணவு அளிக்கப்பட்டது. 1985இல் தனி மாவட்டமான திண்டுக்கல்லில் இன்று அங்கன்வாடி மையங்கள் எடை கண்காணிப்பையும் சத்துணவையும் தொடர்கின்றன.

குமரப்பருவம்

பதின்வயதில் மூளையின் அளவு அதிகம் கூடுவதில்லை. இணைப்புகள் கழிக்கப்படுவதும் நரம்பிழைகள் மையலின் உறை பெறுவதும் தொடர்கின்றன. உணர்ச்சி, வெகுமதி சார்ந்த பகுதிகள் முந்தி முதிர்கின்றன. திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்நெற்றிப் புறணி, இருபதுகளின் நடுப்பகுதியில்தான் முழுமை பெறுகிறது. இவ்வயதினர் துணிந்து இடருக்குள் இறங்குவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். புதியவற்றை விரைந்து கற்பதும் இப்பருவத்தில் எளிது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இப்பருவத்தில் இரவில் தாமதித்தே சுரக்கிறது. பதின்வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.