முதியோர் இல்லங்களும் தராதரங்களும்: இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதியோரைப் பேணுதல் குடும்பத்தின் கடன் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். குடும்பத்தால் ஆற்றமுடியாத அக்கடனை இல்லம் என்னும் நிறுவனம் பொறுப்பேற்கும்போது புதியதொரு வினா எழுகின்றது. அந்நிறுவனம் தன் கடமையைச் செவ்வனே செய்கின்றதா என்பதை யார், எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு இங்கிலாந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக விடை தேடி வந்துள்ளது. அங்கு அந்த அளவுகோல் மாறிவந்த முறையைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது. அதன்படி உதவி நாடிய வறியோர் ‘வேர்க்ஹவுஸ்’ எனப்பட்ட விடுதிகளுள் சேர்க்கப்பட்டனர். வெளியே உழைத்து வாழும் மிக எளிய தொழிலாளியின் வாழ்க்கையிலும் பார்க்க விடுதி வாழ்க்கை தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கையாகும். இன்று நாம் தராதரம் என்று கூறும்போது எந்த இல்லமும் தாண்டிக் கீழிறங்கக்கூடாத எல்லையொன்றைக் கருதுகின்றோம். 1834இல் வகுக்கப்பட்டதோ எந்த விடுதியும் தாண்டி மேலேறக்கூடாத எல்லையாகும். சோம்பேறிகளை அச்சுறுத்த ஏற்பட்ட இக்கொள்கையின் பாரத்தை உழைக்க இயலாத முதியோரே பெரிதும் சுமந்தனர். கணவனும் மனைவியும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த தம்பதியரைப் பிரிக்கலாகாது என்று விதிப்பதற்கு 1847ஆம் ஆண்டில் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது.

1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை வழங்கியது. இதனால் பலர் விடுதியை நாடாது தம் வீட்டிலேயே வாழ முடிந்தது. 1930இல் விடுதிகளின் நிருவாகம் உள்ளூராட்சி மன்றங்களின் கைக்கு மாறியது, பெயரும் மாறியது, கட்டடங்களும் பழக்கங்களும் பெரும்பாலும் மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டமே வறியோர் சட்டத்துக்கு முடிவுகட்டியது. முதுமையாலோ உடல் நலிவாலோ கவனிப்பு வேண்டியோருக்கு உறைவிடம் அளிப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. தனியார் இல்லங்கள் பதிவுசெய்யப்படல் வேண்டும் எனவும் கூறிற்று. அமைச்சர் அனைரின் பெவன் இல்லத்தில் வாழ்வோருக்கும் அதை நடத்துவோருக்கும் இடையிலான உறவு விடுதி விருந்தினருக்கும் முகாமையாளருக்கும் இடையிலான உறவினை ஒத்திருக்க வேண்டும் என விரும்பினார்.

அவ்விருப்பம் எவ்வளவு தூரம் நிறைவேறியது? இவ்வினாவுக்கு நேரில் சென்று விடைகண்டவர் சமூகவியலாளர் பீற்றர் டவுன்சென்ட் ஆவார். 1958, 1959ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களுக்குச் சென்று, அங்கு வாழ்வோரிடமும் நடத்துவோரிடமும் உரையாடி, தாம் கண்டவற்றைப் புகைப்படங்களாகவும் பதிந்தார். 1962இல் வெளிவந்த அவரது ‘கடைசிப் புகலிடம்’ என்னும் நூல், சட்டம் மாறிப் பத்தாண்டு கழிந்த பின்னரும் முதியோர் பலர் பழைய வறியோர் விடுதிக் கட்டடங்களிலேயே வாழ்ந்தமையை வெளிப்படுத்தியது. நெருக்கமாகப் போடப்பட்ட கட்டில்கள், தனக்கெனப் பொருள்வைக்க இடமின்மை, செய்வதற்கு வேலையின்மை, தனிமை ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டினார். அவர் அளந்தவை கட்டட வசதிகள் மட்டுமல்ல; நாளாந்த வாழ்வில் ஒருவருக்குள்ள சுதந்திரத்தையும் அவர் தரத்தின் ஓர் உறுப்பாகக் கொண்டார். இந்நோக்கே அந்நூலின் நிலைத்த பங்களிப்பு எனலாம்.

1980களில் அரச உதவிப் பணம் தனியார் இல்லங்களில் வாழ்வோரின் கட்டணத்துக்கும் வழங்கப்பட்டமையால் அவ்வில்லங்கள் விரைந்து பெருகின. அப்பெருக்கத்தை ஒழுங்குபடுத்த 1984இல் பதிவுபெற்ற இல்லங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் வெளியான ‘இல்ல வாழ்க்கை’ என்ற நடத்தைக் கோவை, இல்லத்தில் வாழ்வோரின் கண்ணியத்தையும் தெரிவுரிமையையும் அடிப்படைகளாக வகுத்தது. ஆயினும் பரிசோதனை இடத்துக்கு இடம் வேறுபட்டது. 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தராதரச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. 2002 முதல் முதியோர் இல்லங்களுக்கென 38 குறைந்தபட்சத் தராதரங்கள் நடைமுறைக்கு வந்தன. புதிய இல்லங்களில் தனியறையின் பரப்பு 12 சதுர மீற்றருக்குக் குறையலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய அளவுகளுக்கேற்பத் தம் கட்டடங்களை மாற்றினால் மூடவே நேரிடும் எனப் பழைய இல்லங்களை நடத்துவோர் எதிர்த்தனர். அடுத்த ஆண்டே அவற்றுக்கு விலக்களிக்கப்பட்டது. செலவை யார் ஏற்பது என்பதைத் தீர்க்காது வகுக்கப்படும் தராதரம் தளர்ந்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அயலிலுள்ள ஸ்கொட்லாந்தில் நேர்ந்த துயரமொன்று நினைக்கத்தக்கது. தனக்கெனச் சட்டமும் பரிசோதனை ஆணைக்குழுவும் கொண்டிருந்த அந்நாட்டில், 2004 ஜனவரி 31ஆம் திகதி அதிகாலை றோஸ்பார்க் என்னும் இல்லத்தில் தீ பரவி, அங்கு வாழ்ந்தோருள் 14 பேர் உயிரிழந்தனர். எச்சரிக்கை மணி ஒலித்து ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களின் பின்னரே தீயணைப்புப் படை அழைக்கப்பட்டது. அறைக் கதவுகள் பல திறந்திருந்தன. அவ்வில்லத்திடம் தீ ஆபத்து மதிப்பீடு ஒன்று எழுத்தில் இருந்தது. ஆனால் அது போதுமானதாக இருக்கவில்லை என்பதை 2011இல் முடிவடைந்த நீதிமன்ற விசாரணை புலப்படுத்தியது. இரவில் எழுந்து நடக்கமாட்டாதோரை யார், எவ்வழியே வெளியேற்றுவது என்பதைப் பணியாளர் பயின்றிராதவிடத்து எழுத்தால் பயனில்லை.

இன்னும் கடுமையான சோதனை 2020இல் வந்தது. கொவிட் தொற்றுப் பரவியபோது இங்கிலாந்தில் வழமையான நேரடிப் பரிசோதனைகள் மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்டன. அதே காலத்தில் வைத்தியசாலைகளிலிருந்து முதியோர் பலர் தொற்றுச் சோதனையின்றி இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். உறவினர் வருகையும் தடைப்பட்டதால் உள்ளே நிகழ்ந்ததைக் காணும் கண்கள் குறைந்தன. நோய்க்குறி இல்லாதோர் வழியாகவும் தொற்றுப் பரவக்கூடும் என்ற ஆபத்தைக் கருத்திற்கொள்ளாத அக்கொள்கை சட்டத்துக்கு முரணானது என 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக் கிடைத்தபோது பாதிக்கப்பட்டோர் பலர் உயிருடன் இல்லை.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. 1939ஆம் ஆண்டின் இலங்கை வறியோர் கட்டளைச் சட்டம் ஆங்கிலேய வறியோர் சட்டத்தைப் பின்பற்றி எழுந்ததாகும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையை நிறுவி, முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களின் பதிவுக்கும் இடமளித்தது. பதிவு அவசியமானதே, எனினும் அது தொடக்கம் மட்டுமேயாகும். அறையின் அளவு, பணியாளரின் பயிற்சி, தீத் தடுப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டு அளக்கலாம். ஆனால் இல்லத்தில் வாழும் முதியவர் அஞ்சாது குறைகூற முடிகின்றதா என்பதை அவரருகே அமர்ந்து கேட்டாலன்றி அறியமுடியாது. டவுன்சென்ட் 173 இல்லங்களின் வாயிலைத் தட்டிச்சென்று கேட்டதும் அதனையே. இளம் ஆய்வாளர்கள் நம் நாட்டு இல்லங்களின் வாயிலையும் தட்டுவார்களாயின், நம் முதியோருக்குரிய தராதரங்களை அவர்தம் வாய்மொழியைக் கொண்டே வகுத்தல் கைகூடும்.