கால்டுவெல் இணையரின் முதுமைக்காலம்

ராபர்ட் கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். 1844-இல் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார். நாகர்கோவிலில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் சிறுவயதிலேயே பழகிய மொழி. கணவரோ சென்னைக்கு வந்தபின் அதைக் கற்றவர். ஒப்பிலக்கணத்தின் புகழில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எலைசா பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார். தாய் மார்த்தா நாகர்கோவிலில் கற்பித்த லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அது அவர்கள் கையில் சொந்தமாகக் காசு தந்த தொழில்.

ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு 1875-இல் வெளிவந்தது. அப்போது கால்டுவெல்லுக்கு வயது 61. இங்கிலாந்திலேயே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் இருவரும் இடையன்குடிக்கே திரும்பினர். தாது வருடப் பஞ்சம் தென்மாவட்டங்களை வாட்டிய 1877-இல் அவர் துணைப் பேராயரானார். 1847-இல் தொடங்கிய திரித்துவ ஆலயம், அவருக்கு 66 வயதான 1880-இல்தான் முடிந்தது. 1883-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தனர். 1891 தொடக்கத்தில் பொறுப்பிலிருந்து விலகிய கால்டுவெல், அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1899-இல் மறைந்த எலைசாவின் கல்லறையும் அங்கேயே, கணவருக்கு அருகில் உள்ளது.