ஈரத் தகடும் நினைவட்டையும்

கண்டி மாநகரில் ஒளிப்படக்கலை வளர்ந்த வரலாற்றை நோக்குவோர், அது பெரிதும் நேரத்தோடு நடந்த போராட்டமே என்பதைக் காண்பர். ஒளியைப் பிடிப்பது ஒரு தொல்லை. பிடித்ததைப் பதிந்துவைப்பது அதனினும் பெருந்தொல்லை.

1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்டது ஈரக் கொலோடியன் முறை. 1860களின் பிற்பகுதியில் கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன், 1870களில் அங்கு நிலையம் அமைத்த சார்ள்ஸ் ஸ்கோவென் ஆகியோரின் காலத்தில் வழங்கியதும் அதுவே. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே உருத்துலக்கியும் ஆகவேண்டும். சில நிமிடம் பிந்தினால் தகடு பாழ். கொலோடியனிலுள்ள ஈதரோ வெப்ப நாட்டில் விரைந்து ஆவியாவது. ஆதலின் இருட்கூடாரமும் இரசாயனப் போத்தல்களும் கண்ணாடிப் பெட்டிகளும் படக்காரர் செல்லுமிடமெல்லாம் உடன்சென்றன. லோட்டன் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலனறுவை, சீகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தார். ஸ்கோவெனின் படங்களுள் செடிகொடிகளைக் காட்டுவன தனிச்சிறப்பு வாய்ந்தவை. கல்லும் செடியும் படக்காரருக்காகக் காத்திருக்கும். எசல பெரஹரா காத்திராது.

சவுக்கடிப்போர் முன்செல்ல, கொப்பறைத் தீவட்டிகள் இருமருங்கும் எரிய, மேளங்கள் முழங்கக் கண்டி வீதிகளில் இரவில் வரும் ஊர்வலம் அது. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினித் தெய்வம் ஆகியோரின் தேவாலயங்களும் அதிற் பங்குகொள்கின்றன. அப்பத்தினி நம் கண்ணகியே என்பது தமிழ் நேயர்க்கு நினைவூட்டத் தக்கது. புனிதப் பேழையைத் தாங்கிய மாளிகை யானை கண்முன் நிற்பது சில கணங்களே.

1871இல் மடொக்ஸ் கண்ட உலர்தகடும் பின்வந்த படச்சுருளும் ஈரத்தின் அவசரத்தைப் போக்கின. எனினும் 36 படங்கள் தீர்ந்ததும் சுருளை மாற்றியாக வேண்டும்.

எண்முறைக் கமராவின் தொடக்கமும் விரைவானதன்று. 1975இல் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அமைத்த கருவி, ஒரு சிறு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி கொண்டது. 1980களில் தொஷிபாவைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா கண்ட 'பிளாஷ்' நினைவகமே, மின்சாரம் நின்றாலும் பதிந்ததை இழக்காத சில்லுகளைத் தந்தது. 1999இல் தொஷிபா, மற்சுஷிற்றா, சான்டிஸ்க் ஆகிய மூன்றும் கூடி அறிவித்த எஸ்.டி. அட்டையே இன்று கடைகளில் 'மெமரி காட்' எனப் பெரும்பாலும் விற்கப்படுவது.

பழைய சிக்கல் புதிய உருவில் வருவது இங்கேதான். விநாடிக்கு 10 படம் எடுக்கும் கமரா ஒன்றில் ஒவ்வொரு படமும் 30 மெகாபைற் எனக் கொள்வோம். விநாடிக்கு 300 மெகாபைற் சேர்கின்றது. அட்டை பதியும் வேகமோ 60 மெகாபைற் ஆயின், மிஞ்சியவை கமராவின் தற்காலிக நினைவகத்தில் தேங்கும். அது 1,200 மெகாபைற் கொள்ளுமாயின் ஐந்தே விநாடியில் நிரம்பிவிடும். அதன்பின் கமரா விநாடிக்கு இரண்டு படமே எடுக்கும். தேக்கம் முழுதும் வடிய 20 விநாடி செல்லும். அதற்குள் யானை கடந்துவிடும்.

அட்டையின்மீது பெரிதாக அச்சிட்ட எண் பெரும்பாலும் படிக்கும் உச்ச வேகமாகும்; வியாபாரிகளுக்கு உகந்த எண் அது. பதியும் வேகத்தை அறிய விரும்புவோர் அதனருகிலுள்ள சிறு குறியையே நோக்கவேண்டும். வட்டத்துள் 10 எனில் குறைந்தது 10 மெகாபைற். வீ30 எனில் 30. வீ90 எனில் 90. அட்டை எவ்வளவு விரைவானதாயினும் கமராவின் சுற்று பழையதாயின் அதன் வேகமே எல்லை.

லோட்டனின் படங்கள் 150 ஆண்டு கடந்தும் லண்டன் சேகரிப்புகளில் பேணப்படுகின்றன. நினைவட்டையோ இரவு முடிந்ததும் வெறுமையாக்கப்பட்டு, மறுநாட் பெரஹராவுக்கு மீண்டும் கமராவினுள் ஏறுகின்றது. பழகிய படக்காரர் படங்களை ஈரிடத்தில் பிரதிசெய்து, அவற்றைத் திறந்து பார்த்த பின்னரே அட்டையை அழிப்பர்.