பௌத்தம் கற்க முதல் நூல் எது? உ.வே.சா. சென்ற வழி

பௌத்தத்தை அறிய விரும்பும் ஈழத்தமிழர் ஒருவர் எந்த நூலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டால், மகாவம்சம் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அரசியல் காரணங்களால் அந்நூலின் பெயர் நம்மிடையே அவ்வளவு தூரம் பதிந்துவிட்டது. ஆனால், மகாவம்சம் புத்தரின் போதனையை விளக்க எழுந்த நூலன்று. புத்தருக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அநுராதபுரத்து மகாவிகாரையின் பெருமையையும் அதனைப் போற்றிய மன்னரின் புகழையும் நிலைநாட்டப் பாளி மொழியில் இயற்றப்பட்ட வரலாற்றுக் காவியம் அது. அதன் 25ஆவது அத்தியாயத்தில், போரிலே எண்ணற்றோர் மாண்டதை நினைத்து வருந்தும் துட்டகைமுனுவிடம் அரகந்தர்கள், கொல்லப்பட்டவர் ஒன்றரை மனிதர் மட்டுமே, ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர் என்று ஆறுதல் கூறுகின்றனர். இதனையே முதலில் படிப்பவர், கொல்லாமையைத் தன் ஒழுக்கத்தின் முதற்படியாக வைத்த ஒரு சமயத்தைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்? பௌத்தத்தையும் பௌத்தத்தின் பெயரால் நடந்தவற்றையும் பிரித்தறிய அவருக்கு வழியே இல்லாது போகும்.

இதே வினா, வேறொரு காரணத்துக்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணத்தில் ஒருவர் முன் எழுந்தது. அவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவருக்கு ஒரு வசதி இருந்தது. சமண சமய ஐயங்களைக் கேட்டுத் தெளியக் கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தனர். மணிமேகலையைக் கையில் எடுத்தபோதோ கேட்பதற்கு ஆள் இல்லை. தமிழகத்தில் பௌத்தம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஏட்டிலே சொற்கள் இருந்தன. அவற்றுக்குப் பொருள் கூறும் மரபு அறுந்திருந்தது. குண்டலகேசி போன்ற பௌத்த நூல்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவற்றின் செய்யுள்கள் சில, பௌத்தத்தை மறுக்க எழுந்த பிற சமய நூல்களின் உரைகளிலே மேற்கோளாகத் தப்பிப் பிழைத்திருந்தன. ஒரு சமயத்தின் குரலை அதன் எதிரிகளின் ஏடுகளிலே தேடவேண்டிய நிலை என்றால் மிகையாகாது.

அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் மளூர் ரங்காசாரியார். ஆங்கிலமும் வடமொழியும் நன்கறிந்த அவர், பௌத்தம் பற்றி மேனாட்டறிஞர் எழுதிய நூல்களைப் படித்து ஐயருக்குத் தமிழில் விளக்கினார். ஆங்கிலம் அறியாத ஐயர் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது மூலத்தையும் அரும்பதவுரையையும் மட்டும் தந்து அவர் நின்றுவிடவில்லை. புத்தர், அவர் கூறிய தருமம், அவர் நிறுவிய சங்கம் ஆகிய மூன்றையும் பற்றி எளிய உரைநடையில் எழுதிச் சேர்த்தார். வழிகாட்டி இல்லாமல் வாசகர் அக்காப்பியத்துள் நுழைய முடியாது என்பதைத் தன் அனுபவத்தாலேயே உணர்ந்திருந்தார். பௌத்தத்துக்குத் தமிழில் எழுந்த தொடக்க நூல்களுள் இதற்குரிய இடம் பெரிது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்தில் பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் எழுதியோருள் முதன்மையானவர் றைஸ் டேவிட்ஸ். இவர் இலங்கை சிவில் சேவையில் பணியாற்றியவர். இங்குள்ள பிக்குவிடம் பாளி கற்றவர். 1881இல் பாளி நூற் கழகத்தை நிறுவியவர். ஆக, இலங்கை விகாரைகளில் பேணப்பட்ட அறிவு பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகம் சேர, இலண்டன் வரை சென்று சுற்றி வரவேண்டியிருந்தது. 5ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுப் புத்ததத்தர் அநுராதபுரம் வந்து கற்றுத் திரும்பிய அதே கடல்தான்!

யாழ்ப்பாணத்தவரான சி.வை.தாமோதரம்பிள்ளையையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆழ்ந்த சைவப் பற்றாளரான அவர், புத்தமித்திரனார் என்னும் பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தை 1881இலேயே பதிப்பித்தார். அதன் உரையிலே புத்தரைப் போற்றும் பழம்பாடல்கள் பல உள்ளன. சமயம் வேறு என்று அவர் ஒதுக்கியிருந்தால் அவற்றுள் எத்தனை இன்று எஞ்சியிருக்கும்?

இன்றைய வாசகருக்கு அத்தனை சிரமம் இல்லை. தமிழில் தொடங்க விரும்புவோர் ஐயரின் அந்த உரைநடைப் பகுதிகளையே முதலில் படிக்கலாம். நடை சற்றுப் பழையது, தெளிவு குறையாதது. அடுத்து மணிமேகலை. நைனாதீவுதான் மணிபல்லவம் என்று பலரும் கொள்வதால் ஈழத்தவருக்கு அதன்மீது தனி ஈர்ப்பு உண்டு. கதைப் பகுதியை முழுவதும் படித்துவிட்டு, அளவை நூலாகவே அமைந்துவிட்ட 29ஆவது காதையை முதல் வாசிப்பில் தாராளமாகத் தாண்டிச் செல்லலாம். ஆனால், துன்பம் எங்கிருந்து தோன்றுகிறது என்பதைப் பன்னிரு சார்புகளாக விரிக்கும் 30ஆவது காதையைத் தவிர்க்கக்கூடாது. பௌத்தத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’, தமிழ் மண்ணில் அச்சமயம் தழைத்ததையும் மறைந்ததையும் கூறுகிறது. அதில் தத்துவம் குறைவு, வரலாறு மிகுதி.

ஆங்கிலத்தில் படிக்கக்கூடியோருக்கு, வல்பொல ராகுல தேரர் 1959இல் வெளியிட்ட ‘புத்தர் போதித்தது என்ன’ என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறுநூலை விஞ்ச இன்னொன்று இல்லை என்பது எனது கருத்து. மூல சூத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு, குருட்டு நம்பிக்கைக்கு இடங்கொடாது எழுதப்பட்ட நூல் அது. இதே தேரர்தான் 1946இல், பிக்குகள் அரசியலில் ஈடுபடுவதை நியாயப்படுத்தி, ‘பிக்குவின் உரிமை’ என்று பொருள்படும் சிங்கள நூலை எழுதினார். பின்னாளில் இலங்கை அரசியலில் காவியுடையின் செல்வாக்குப் பெருகியதற்கு அந்நூல் அடித்தளமிட்டது என்று ஆய்வாளர் பலர் கூறுவர். தமிழ் வாசகர் இரண்டையும் படிக்க வேண்டும். ஆயினும் 1959ஆம் ஆண்டின் நூலை முதலில் படித்து, 1946ஆம் ஆண்டின் நூலைப் பின்னர் படிப்பதே நல்லது. மகாவம்சத்தை அவ்விரண்டுக்கும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.