குழந்தை மனநல மருத்துவருக்கு யார் ஆசிரியர்?

ஆங்கிலத்தில் குழந்தை மனநல மருத்துவத்துக்கு வந்த முதல் பாடநூல் லியோ கானர் எழுதியது. வருஷம் 1935. சரி, அவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?

கானர் பெர்லினில் மருத்துவம் படித்து, அங்கேயே இதய நோய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். 1924-ல் அமெரிக்கா போய், தெற்கு டகோட்டாவில் ஒரு அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1928-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அடால்ஃப் மேயரிடம் வந்து சேர்ந்தார். மேயரிடம் கற்றது பொது மனநல மருத்துவம். குழந்தைகளைப் பற்றி வேலையில் இறங்கித்தான் கற்றுக்கொண்டார்.

அப்போ அமெரிக்காவில் பயிற்சியே இல்லையா? இருந்தது, ஆனால் வேறொரு பக்கம். சிகாகோவில் 1899-லேயே சிறார் நீதிமன்றம் வந்துவிட்டது. அங்கே வரும் பிள்ளைகளை ஆராய 1909-ல் வில்லியம் ஹீலி ஒரு நிலையம் தொடங்கினார். அதன் வழியில், 1922 முதல் காமன்வெல்த் நிதியத்தின் உதவியோடு பல ஊர்களில் குழந்தை வழிகாட்டு கிளினிக்குகள் வந்தன. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்ப்பார்கள். நியூயார்க்கில் 1927 முதல் 1933 வரை இதற்கென ஒரு பயிற்சி நிறுவனமே நடந்தது.

வீடு, பள்ளி, தெரு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத் தந்தது இந்த வழிதான். ஒரே குறை, பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்தது.

மேயரும் குழந்தை மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க்கும் சேர்ந்து 1930-ல் கானரை நேரே ஹாரியட் லேன் குழந்தைகள் மருத்துவமனைக்குள் உட்கார வைத்தார்கள். காய்ச்சலும் வயிற்றுவலியும் பார்க்கும் இளம் டாக்டர்கள், மனசையும் அங்கேயே பார்க்கப் பழகினார்கள். பாடநூலுக்கு மேயர், பார்க் இருவருமே முன்னுரை எழுதியது தற்செயல் இல்லை.

1959-ல் அமெரிக்காவில் இந்தத் துறைக்குத் தனிச் சான்றிதழ் வந்தது. கானர் ஓய்வு பெற்றதும் அதே வருஷம். ஆனால் பொது மனநல மருத்துவத்தில் முதலில் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, குழந்தையிடம் போகும் பாதை பெரியவர்கள் வார்டு வழியாகத்தான். 1986-ல் குழந்தை மருத்துவம், மனநலம், குழந்தை மனநலம் மூன்றையும் ஐந்து வருஷத்தில் சேர்த்துத் தரும் பயிற்சியைத் தொடங்கினார்கள். பெரும்பாலானோர் இன்னும் பழைய பாதையில்தான் வருகிறார்கள். இங்கேயும், பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கான டி.எம். படிப்பு மனநல எம்.டி. முடித்தவர்களுக்கு மேலே மூன்று வருஷம்.

இது வெறும் பாடத்திட்டச் சண்டை இல்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வயிறு வலிக்கிற பிள்ளையை அம்மா முதலில் கூட்டிப்போவது குழந்தை டாக்டரிடம். அவருக்கு அந்த வலி புரியவில்லை என்றால், மூன்று வருஷம் அதிகம் படித்த நிபுணர் வரை அந்தப் பிள்ளை போய்ச் சேராமலே போகலாம். 1930-ல் பார்க்கும் மேயரும் சரிசெய்யப் பார்த்தது இதைத்தான்.