திறந்திருந்த கதவும் திரும்பி வராத பிள்ளைகளும்

1870-களின் இலண்டனில் இருபது நிழற்படங்கள் அடங்கிய ஒரு கட்டின் விலை ஐந்து ஷில்லிங். தனிப்படம் வேண்டுவோர் ஆறு பென்ஸ் கொடுத்தால் போதும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரே குழந்தையின் இரண்டு தோற்றங்கள் அருகருகே இருக்கும். ஒன்றில் கிழிந்த துணி, வெறுங்கால், கலைந்த தலை, வெறித்த பார்வை. மற்றொன்றில் சீருடை, வாரிய தலை, கையில் ஏதேனும் ஒரு தொழிற்கருவி. வாங்கியவர் தம் காசு என்ன செய்யும் என்பதைக் கண்ணாலேயே கண்டார். இப்படங்களை விற்றவர் தாமஸ் ஜான் பர்னார்டோ. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் அறக்கொடை வரலாற்றில் அவர் அளவுக்குப் போற்றப்பட்டவர் சிலர். அவர் அளவுக்கு நீதிமன்றப் படியேறியவர் அதனினும் சிலர்.

1845-இல் டப்ளினில் பிறந்த பர்னார்டோ, சீனாவுக்குச் சமயப் பணியாளராகச் செல்லும் எண்ணத்துடன் 1866-இல் இலண்டன் வந்து மருத்துவம் பயிலத் தொடங்கினார். அவ்வாண்டு நகரின் கிழக்குப் பகுதியைக் காலரா சூறையாடியது. துறைமுகக் கூலிகளும் தையல் வேலைக்காரரும் நெருக்கியடித்து வாழ்ந்த அத்தெருக்களில், கூரைமேலும் சாக்கடையோரத்திலும் உறங்கும் சிறுவர்களை அவர் கண்டார். சீனப் பயணம் நின்றது. ஏழைச் சிறார்க்கான இலவசப் பள்ளியில் தொடங்கிய அவரது பணி, 1870-இல் ஸ்டெப்னி காஸ்வே என்னும் தெருவில் சிறுவர் இல்லமாக வளர்ந்தது.

அவ்வில்லத்தின் புதுமையை உணர, அதற்கு முன்னிருந்த அறத்தின் வாயில்கள் எத்தகையவை என்று அறிய வேண்டும். 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், உதவி நாடுவோரை உழைப்பு விடுதிக்குள் தள்ளியது. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் எனக் குடும்பம் பிரிக்கப்பட்டது. அதற்கு அஞ்சியோர் தனியார் அறநிலையங்களை நாடினர். அங்கும் தகுதி பார்க்கப்பட்டது. பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் ஐந்து பெரும் கட்டடங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பேணினார். யாரிடமும் கையேந்தாமல் இறைவேண்டலையே நம்பி நடத்திய நிலையம் என்று அது புகழ்பெற்றது. ஆயினும், முறையாக மணந்த பெற்றோர்க்குப் பிறந்து, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கே அங்கு இடம் என்பது அவர் வகுத்த விதி.

வேறு பல அநாதை இல்லங்களில் தேர்தலே நடந்தது. நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் கொடைக்கேற்ற வாக்குகள் உண்டு. கணவனை இழந்த தாய், தன் பிள்ளைக்கு ஓரிடம் வேண்டி, அறியாத செல்வர்களின் வீடுவீடாகச் சென்றும் மடல் எழுதியும் வாக்குச் சேகரிக்க வேண்டும். தோற்றால் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டும்.

பர்னார்டோவின் தொடக்க இல்லமும் இடம் நிறைந்ததும் கதவை மூடியது. அங்ஙனம் திருப்பி அனுப்பப்பட்ட பதினொரு வயதுச் சிறுவன் ஜான் சாமர்ஸ். செம்பட்டைத் தலைமுடியால் ‘கேரட்’ என்று தோழர்களால் அழைக்கப்பட்ட அவன், சில நாள்களில் பசியாலும் குளிராலும் இறந்து கிடந்தான் என்று இல்லத்தின் மரபு கூறுகிறது. அதன்பின் ஆதரவற்ற எக்குழந்தைக்கும் இவ்விடத்தில் இடமில்லை என்ற பேச்சே இல்லை என்னும் அறிவிப்பு வாயிலில் பொறிக்கப்பட்டது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை, ஊனமுற்ற பிள்ளை, நோயுற்ற பிள்ளை, எச்சமயத்துப் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. வாக்கு வேண்டா, பரிந்துரை வேண்டா. முதலில் உள்ளே வரட்டும், விசாரணை பிறகு. அக்கால அறக்கொடை உலகில் இது பெரும் புரட்சி.

ஆனால் திறந்த கதவுக்கு நாள்தோறும் பணம் தேவைப்பட்டது. பணத்துக்குப் படங்கள் தேவைப்பட்டன. 1874-இல் இல்லத்தில் தனி நிழற்படக் கூடமே அமைந்தது. அங்குதான் முதல் இடறல் நேர்ந்தது.

1869-இல் தோன்றிய அறக்கொடை ஒழுங்கமைப்புக் கழகம், ஆராயாமல் கொடுப்பது ஏழையைச் சோம்பேறியாக்கும் என்னும் கொள்கையுடையது. யாரையும் கேளாமல் உள்ளே விடும் பர்னார்டோவை அது ஐயத்துடன் நோக்கியது. ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்னும் பாப்டிஸ்ட் சபைப் போதகர், இல்லத்தில் கொடுமை நடப்பதாகவும் பணம் தவறாகக் கையாளப்படுவதாகவும் குற்றஞ்சாட்டித் துண்டுநூல் வெளியிட்டார். பட்டம் பெறுமுன்னரே பர்னார்டோ தம்மை மருத்துவர் என்று அழைத்துக்கொண்டதும் கிளறப்பட்டது. அவர் விரைந்து 1876-இல் எடின்பரோவில் தகுதி பெற்றார். 1877-இல் மூவர் கொண்ட நடுவர் மன்றம் கூடியது.

படங்களைப் பற்றிய விசாரணை அம்மன்றத்தின் மறக்கவியலாத பகுதி. ஒரு படத்தில் தீப்பெட்டி விற்கும் பெண்ணாகக் காட்டப்பட்ட சிறுமி வாழ்நாளில் தீப்பெட்டி விற்றவளே அல்லள். வேறொரு சிறுமியின் தாய், தன் மகள் ஒருபோதும் அவ்வளவு கந்தலாகத் திரிந்ததில்லை என்று முறையிட்டாள். வறுமையை ஒப்புக்கொண்ட அத்தாயால், தன் பிள்ளை தாயற்றவள்போல் காட்டப்பட்டதைப் பொறுக்க முடியவில்லை. பர்னார்டோவின் மறுமொழி, அப்படங்கள் தனியொரு குழந்தையை அல்ல, ஒரு வகுப்பாரின் நிலையையே காட்டுகின்றன என்பது. தெருவில் அத்தகைய பிள்ளைகள் உண்மையிலேயே இருக்கும்போது, கூடத்தில் ஒரு பிள்ளையை அவ்வாறு நிறுத்துவதில் என்ன பொய் என்பது அவர் வாதம். நடுவர்கள் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்து, அவரது இல்லங்கள் உண்மையானவை, பயனுடையவை என்றனர். படங்களை மட்டும் கலைப் புனைவு என்று கண்டித்தனர். முன்னும் பின்னுமாகிய அட்டைகள் நின்றன. அறங்காவலர் மேற்பார்வை வந்தது. எனினும் சேர்க்கையின்போது ஒவ்வொரு குழந்தையையும் படமெடுக்கும் வழக்கம் நீடித்தது. அவர் காலத்திலேயே அத்தொகுப்பு ஐம்பத்தையாயிரத்தைத் தாண்டியது.

இவ்வழக்கை ஒரு விளம்பர மோசடியாக மட்டும் படிப்பவர் அதன் உட்பொருளைத் தவறவிடுவர். படத்துக்குள் பிள்ளை இருந்தது, பெற்றோர் இல்லை. அவர்களை வரைய நேர்ந்த இடங்களில் குடிகாரத் தந்தையும் கொடியவளான தாயும் மட்டுமே வந்தனர். காச நோயில் கணவனை இழந்தவளோ, துறைமுகத்தில் வேலையின்றி நிற்பவனோ, ஒரு குளிர்காலத்தைக் கடக்கும் வரை மட்டும் பிள்ளையை ஒப்படைக்க வந்தவளோ அக்கதையில் பொருந்தவில்லை. இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். உழைப்பு விடுதிக்கு மாற்றாக, நெருக்கடி தீரும்வரை இளைப்பாறும் நிழலாக அவர்கள் இவ்வில்லங்களைக் கருதினர். இல்லமோ அவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பதே தன் கடமை என்று கருதியது.

இந்த எண்ணத்துக்குப் பர்னார்டோ ஒரு பெயரும் சூட்டினார். 1885-இல் தம் இதழில், அறநோக்கில் பிள்ளையைக் கடத்துவது முறையாகுமா என்னும் வினாவை எழுப்பி, ஆகும் என்றே வாதிட்டார். அன்றைய சட்டத்தில் பெற்றோர் உரிமை ஏறத்தாழ எல்லையற்றது. அடித்து நொறுக்கும் பெற்றோரிடமிருந்து குழந்தையை மீட்கவும் சட்டத்தில் வழியில்லை. குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் முதல் சட்டமே 1889-இல்தான் வந்தது. ஆகவே அவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் எவர் பெற்றோராக இருக்கத் தகுதியற்றவர் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

அவ்வதிகாரம் நீதிமன்றத்தில் மோதியது. மணமின்றிப் பிறந்த தன் மகனைக் கத்தோலிக்க இல்லமொன்றுக்கு மாற்ற விரும்பினாள் மார்கரெட் மெக்ஹ்யூ என்னும் ஏழைப்பெண். பர்னார்டோ மறுத்தார். வழக்கு பிரபுக்கள் அவை வரை சென்று, 1891-இல் தாயின் பக்கம் தீர்ந்தது. ஹாரி கோஸேஜ் என்னும் சிறுவனின் வழக்கு இன்னும் கடுமையானது. தாயே சில ஷில்லிங்குக்கு அவனைத் தெருவில் இசைப்பெட்டி வாசிப்போரிடம் விற்றுவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. இல்லத்தில் சேர்க்கப்பட்ட அவனை, கனடாவில் வாழும் ஒருவரிடம் முகவரிகூடப் பெறாமல் பர்னார்டோ ஒப்படைத்திருந்தார். தாயின் சார்பில் ஆட்கொணர்வு ஆணை பிறந்தபோது, கொண்டுவந்து நிறுத்தச் சிறுவன் இல்லை. 1892-இல் பிரபுக்கள் அவை பர்னார்டோவின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

வழக்குகளில் தோற்றவர் சட்டத்தில் வென்றார் என்பது வரலாற்றின் முரண். பிள்ளையைக் கைவிட்ட, அல்லது கடமை மறந்த பெற்றோர் திருப்பிக் கேட்டால் நீதிமன்றம் மறுக்கலாம் என்று 1891-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள் அதைப் பர்னார்டோ சட்டம் என்றே அழைத்தனர். இன்று உலகெங்கும் குழந்தையின் நலனே முதன்மை என்று பேசும் சட்டங்களின் தொடக்ககால மைல்கற்களுள் அதுவும் ஒன்று. கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட எண்ணற்ற குழந்தைகள் அதற்குக் கடன்பட்டவர்கள். வறுமையைக் கடமை மறதியாகப் படிக்கும் வழக்கத்துக்கும் அச்சட்டமே இடந்தந்தது.

கதவு ஒருபோதும் மூடாதெனில், உள்ளே வந்தோர் எங்கே போவர்? இதற்குப் பர்னார்டோ கண்ட விடை கடலுக்கு அப்பால் இருந்தது. மரியா ரை, ஆனி மக்ஃபெர்சன் என்னும் இரு பெண்கள் 1869, 1870 ஆண்டுகளிலேயே சிறாரைக் கனடாவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தனர். 1882 முதல் பர்னார்டோவும் தம் கப்பல் பயணங்களைத் தொடங்கினார். முன்வாசல் திறந்திருக்க வேண்டுமானால் பின்வாசலும் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. இல்லத்தில் ஒரு பிள்ளையைப் பல ஆண்டு பேணும் செலவைவிடக் கப்பல் கூலி குறைவு; கனடாவின் பண்ணைகளுக்கோ கைகள் தேவைப்பட்டன.

சேர்க்கைப் படிவத்திலேயே வெளிநாடு அனுப்ப இசையும் வாசகம் இடம்பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பலர் அதில் குறியிட்டனர். நல்லோர் என்று கருதப்பட்ட பெற்றோர்க்குக் கப்பல் புறப்படுமுன் அறிவிப்பு வந்தது. தகாதவர் என்று கருதப்பட்டோர்க்குப் புறப்பட்ட பின் வந்தது. அவர்கள் துறைமுகத்துக்கு ஓடிவந்து தடுத்துவிடக் கூடாதல்லவா!

இம்முறையின் குறைகள் அறியப்படாதவை அல்ல. பர்னார்டோ தொடங்குவதற்கு ஏழாண்டு முன்னரே, அரசு அனுப்பிய ஆய்வாளர் ஆண்ட்ரூ டாயில், பண்ணைகளில் விடப்பட்ட பிள்ளைகளைப் பார்வையிட ஆளில்லை என்று 1875-இல் அறிக்கை தந்திருந்தார். தத்தெடுப்பு என்றால் கூலியின்றி வேலைக்குப் பெண்பிள்ளையை வைத்துக்கொள்வது என்று ஒரு சிறுமி அவரிடம் விளக்கியிருந்தாள். எந்த அதிகாரியும் அதைவிடத் தெளிவாக எழுதியதில்லை. 1895-இல் ஒன்டாரியோப் பண்ணையொன்றில் ஜார்ஜ் கிரீன் என்னும் பர்னார்டோ இல்லச் சிறுவன் பட்டினியும் அடியும் பட்ட உடலுடன் இறந்தான். பண்ணைக்காரி மீது வழக்கு நடந்தும் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1897-இல் ஒன்டாரியோ கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியபோதும் கப்பல்கள் நிற்கவில்லை. பல நிறுவனங்கள் வழியாகக் கனடா சென்ற சிறார் ஒரு இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் பர்னார்டோ இல்லத்துப் பிள்ளைகள். அவர்களுள் நிலம் வாங்கி நல்வாழ்வு பெற்றோரும் உண்டு. அன்பான குடும்பங்களில் வளர்ந்தோரும் உண்டு. தாம் இல்லத்துப் பிள்ளை என்பதைத் தம் மக்களிடமும் சொல்லாமல் மறைத்தே மாண்டோரும் உண்டு.

1905 செப்டம்பர் 19 அன்று பர்னார்டோ காலமானார். அதுவரை அவர் இல்லங்களில் சேர்ந்தோர் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். இறுதி ஊர்வலத்தில் கிழக்கு இலண்டனின் ஏழை மக்கள் திரண்டு நின்றனர். அவரை வழக்கில் எதிர்த்தவர்களும் அம்மக்களுள் ஒரு பகுதியினரே. இரண்டும் உண்மை. ஜான் சாமர்ஸைப் போல் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் அக்குளிரில் இறவாமல் காத்தது அந்தக் கதவு. அது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எளிதில் மறந்துவிட்டு இன்றைய அளவுகோலால் மட்டும் அவரை அளப்பது நேர்மையன்று.

ஆயினும் அளக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிள்ளை உள்ளே வருவதற்கு எந்தக் கேள்வியும் இல்லை. தாய் திரும்பி வந்து அதைக் கேட்டபோதோ, அவள் நடத்தை, சமயம், தொழில், குடிப்பழக்கம் என அத்தனையும் கேள்வியாயின. ஒரு குளிர்காலத்துக்குத் தேவையான வாடகையும் ரொட்டியும் அத்தாய்க்குக் கிடைத்திருந்தால் பல பிள்ளைகள் இல்லத்துக்கே வந்திரா. கந்தலில் நிற்கும் தனிப்பிள்ளையின் படத்துக்கு ஆறு பென்ஸ் கிடைத்தது. பிள்ளையுடன் நிற்கும் தாயின் படத்தை விலைக்கு வாங்க ஆளில்லை. கொடுப்பவரின் மனத்தை உருக்குவது எதுவோ அதுவே அறத்தின் வடிவத்தையும் தீர்மானித்தது.

சிறாரைக் கடல்கடந்து அனுப்பியதற்குப் பிரிட்டிஷ் அரசு 2010-இல் மன்னிப்புக் கேட்டது. கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை 2017-இல் கேட்டது. இன்று அச்சிறாரின் பேரப்பிள்ளைகள் தம் வேரைத் தேடிப் பர்னார்டோ ஆவணக் காப்பகத்தை அணுகுகின்றனர். நன்கொடைக்காகப் புனையப்பட்ட அட்டைகள் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. சேர்க்கை நாளில் எடுக்கப்பட்ட எளிய படமும், அதனருகே தாயின் பெயரும் முகவரியும் குறிக்கப்பட்ட பதிவேட்டின் ஒரு வரியும்தான் அவர்கள் தேடுபவை. விளம்பரத்தில் இடம்பெறாத அத்தாய், பதிவேட்டில் மட்டும் இன்றுவரை இருக்கிறாள்.