மடிநாயின் மூதாதையர்

ஒரு நாய்க்குட்டிக்கு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மனிதன் ஆக்கிய எதிலும் அவன் வாழ்ந்த சமுதாயத்தின் முத்திரை பதிந்திருக்கிறது. நாயும் ஒருவகையில் மனிதன் ஆக்கிய பிராணியே. திருகோணமலை நகருக்கு வடக்கே உப்புவெளியில் உல்லாச விடுதிகளும் மீனவர் குடியிருப்புகளும் அருகருகே நிற்கின்றன. அத்தகைய ஊரில் விலைகொடுத்து வாங்கிய மடிநாயை 'உயர்குலம்' என்றும், மணலில் படுத்துறங்கும் நாயை 'இழிகுலம்' என்றும் கொள்வது எளிது. இக்கணக்கை வரலாறு ஒப்புக்கொள்கிறதா?

இன்று சீமாட்டிகளின் மடியை அலங்கரிக்கும் யோர்க்ஷயர் டெரியரை எடுத்துக்கொள்வோம். 'டெரியர்' என்னும் பெயர் மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வளைக்குள் புகுந்து இரைபிடிக்கும் நாய் என்பதே அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்து நெசவாளர் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் ஆலைநகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது தம் சிறு நாய்களையும் கூட்டிச்சென்றனர். அந்நாய்கள் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எலிபிடித்தன. உழைப்பாளியின் கூலிக்கு ஏற்ற சிறு வயிறு. அவன் குடிசைக்கு ஏற்ற சிறு உடல். அதன் பட்டு மயிர் தறியில் நெய்யப்பட்டதென்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம்.

1865இல் பிறந்து 1871இல் வண்டியில் அடிபட்டு இறந்த 'ஹடர்ஸ்பீல்ட் பென்' என்னும் நாயே இவ்வினத்தின் தந்தை எனக் கருதப்படுகிறது. அது எலிபிடிப்பதிலும் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. 1873இல் இலண்டனில் நாய்வளர்ப்போர் கழகம் தோன்றியது. வம்சாவளிப் பதிவேடுகள் பிறந்தன. உழைப்பாளியின் தோழன் செல்வரின் விளையாட்டுப் பொருளானான். உடல் மேலும் சிறுத்தது. உச்சிமயிரில் நாடா ஏறியது. உழைப்பின் கதை மறைந்தது.

ஆனால் இயல்பு மறையவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. உப்புவெளிப் போர்வீரர் மயானம் அக்கால அழிவுக்கு இன்றும் சாட்சி பகர்கிறது. அதே போரில், நியூகினியாக் காட்டில் 1944இல் கண்டெடுக்கப்பட்ட 'ஸ்மோக்கி' என்னும் நான்கு இறாத்தல் யோர்க்ஷயர் டெரியர், பிலிப்பைன்ஸ் விமானத்தளமொன்றில் 70 அடி நீளக் குழாயினுள் தந்திக்கம்பியை இழுத்துச் சென்றது. குழாயின் குறுக்களவு எட்டு அங்குலமே. மூதாதையர் எலிவளையில் கற்ற துணிவு அது.

இவ்வரலாற்றை அறிந்தவனே இக்குட்டியைப் புரிந்துகொள்வான். அது மண்ணைத் தோண்டுவதும், சிறு ஓசைக்கும் குரைப்பதும், பெரிய நாயையும் எதிர்ப்பதும் குறும்பல்ல, தொழிலறிவின் எச்சம். அடித்துத் திருத்த முயல்வது பேதைமை. வேறு விளையாட்டில் திருப்பிவிடுதலே முறை. எனினும் சிறுமையை மனிதன் அளவுமீறி வளர்த்ததன் விலையை அக்குட்டியே கொடுக்கிறது. அதன் உடலில் சேமிப்பில்லை. ஆதலால் நாளுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாக உணவிடவேண்டும். பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து நடுங்கிச் சோர்ந்துவிடும். அவ்வேளை ஈறில் சிறிது தேன் தடவி, தாமதமின்றி மிருகவைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். நாற்காலியிலிருந்து குதித்தாலும் முன்னங்கால் எலும்பு முறியக்கூடும். மூச்சுக்குழல் மென்மையானது, கழுத்துப்பட்டியைவிட மார்புப்பட்டியே நன்று. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் நிழலும் நீரும் இன்றியமையாதவை. வெங்காயம் சேர்த்த கறியும் சொக்கலேற்றும் அதற்கு நஞ்சு.

இவை யாவும் செய்தாலும் குட்டி காக்கப்பட்டுவிடுமா? மதிலுக்கு அப்பால் நோய் இருக்கும்வரை காக்கப்படாது. இலங்கையில் 1893இல் விசர்நோய்க் கட்டளைச்சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் சட்டமும் வந்தன. கட்டாக்காலி நாய்களைக் கொன்று நோயை ஒழிக்கலாம் என்பதே நெடுங்காலக் கொள்கை. 2006இல் அக்கொலை கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. ஓரூர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே மடிநாயின் உயிரும் அதைக் கொஞ்சும் குழந்தையின் உயிரும் தெருநாயின் நலத்தோடு பிணைந்தவை. தனியொருவன் மதிலெழுப்பித் தன்னைமட்டும் காத்துக்கொள்ள முடியாது.

அத்தெருநாயை ஆங்கிலேயர் எப்பெயரிட்டு அழைத்தனர்? பறை என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து, ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் குலப்பெயரை எடுத்து, 'பறையா நாய்' என்றனர். நம்மிடையே நிலவிய சாதிக்கொடுமை அவர்களுடைய அகராதியிலும் ஏறியது. ஒரு சொல்லால் மனிதரும் விலங்கும் ஒருங்கே இழிவுபடுத்தப்பட்டனர். அங்கே ஏழை நெசவாளியின் எலிபிடி நாய்க்கு வம்சாவளிச் சான்றிதழ்; இங்கே உழைப்பவரின் முற்றங் காக்கும் நாய்க்குத் தீண்டாமைப் பெயர். இரண்டையும் படைத்தது பிறப்பல்ல, சந்தையும் அதிகாரமுமே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வார்களாக. மடியிலிருக்கும் குட்டிக்கு உரிய வேளையில் உணவு கொடுப்போம். வீதியிலிருக்கும் நாய்க்குத் தடுப்பூசி கிடைக்க வழிசெய்வோம். குலப்பெயரால் எந்த உயிரையும் வையாதிருப்போம்.